பொட்டு வைத்த பலகை

சுருளிவேலுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஒச்சம்மாளுக்குத் தெரியாது. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவளைவிட அவர் ஒரு படி மேலே நின்றது இந்த ஒரு விஷயத்தில்தான். அதையும் மனுஷன் சும்மா விடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், வத்தலக்குண்டில் ஆரம்பித்துத் திண்டுக்கல் வரைக்கும் எதிர்ப்படும் பலகையையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவார். பூட்டுக்கடை, பிரியாணிக் கடை, தோல் மண்டி, பல் வைத்தியம், 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று ஒன்றும் தப்பாது. முன்சீட்டுக்காரன் திரும்பிப் பார்ப்பான். ஒச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பார்க்கிறவர்கள் வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமை. அவர் படிக்காமல் வந்தால் அவளுக்கு ஊரே வாய் திறக்காதது போல இருக்கும்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து நரிக்கரட்டுப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவள். சேவுகம்பட்டியைத் தாண்டி மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இறங்கினால் அந்த ஊர். தக்காளி பிடுங்கினாள், மல்லிகை எடுத்தாள், வெங்காயம் அறுத்தாள். ஒரே மகளைத் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரிலிருக்கும் துணை சுகாதார நிலையத்தைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைக்க ஆள் தேடியபோது, அவள் போய் நின்றாள். வேலை பகுதி நேரம்தான். ஆனால் சாவி முழு நேரமும் அவள் இடுப்பில். இரண்டு அறையும் ஒரு வராண்டாவுமான அந்தக் கட்டடத்துக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு திண்டுக்கல் பூட்டு. பூட்டிவிட்டு அதைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்காமல் ஒச்சம்மாள் வீட்டுக்குப் போனதில்லை. உள்ளே திருடிப்போக அப்போது ஒரு எடை மெஷினும் நான்கு பிளாஸ்டிக் நாற்காலியும்தான் இருந்தன.

அதற்கு முன்னெல்லாம் புதன்கிழமை மட்டும் ஒரு நர்ஸ் வந்து பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டுப் போவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிலைமை மாறியது. நாடு முழுக்க இந்த மாதிரி சின்ன ஆஸ்பத்திரிகளிலெல்லாம் ஒரு நர்ஸ் தினமும் இருக்க வேண்டும், சர்க்கரை, பிரஷர் பார்க்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும் என்று டெல்லியில் ஒரு திட்டம் போட்டார்கள். பணத்தில் பாதிக்கு மேல் அவர்களுடையது. நடத்த வேண்டியது சென்னை. அப்படி வந்தவள்தான் ரோசலின். திண்டுக்கல்காரி. முப்பத்திரண்டு வயது, கணவர் பூட்டுப் பட்டறையில் வேலை. காலையில் இரண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்கு வந்து இறங்குவாள். வேலை ஒப்பந்தம், ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதியும் முடியும், ஏப்ரலில் புது ஆர்டர் வரும்.

சுருளிவேலின் வலது காலில் புண் வந்தது போன ஐப்பசியில். தக்காளிக்குத் தண்ணீர் கட்டும்போது கருவேல முள் ஏறியிருக்கிறது. ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. எட்டு வருஷச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருந்தது. பெருவிரலுக்குக் கீழே பாதி எலுமிச்சம்பழம் அகலத்துக்குக் குழி விழுந்த பிறகு, நாற்றம் வந்து ஒச்சம்மாள்தான் கண்டுபிடித்தாள். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அழுகியதை வெட்டி எடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். அவர் இரண்டு தடவை போனார். மூன்றாவது தடவை பஸ் ஸ்டாண்டில் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

"அந்தக் கூட்டத்துல போய் யாரு நிப்பா? கட்டு மாத்துறதுக்கு ஒரு பொழுது போயிருது. தன்னால ஆறும்."

"தன்னால ஆறுறதுக்கு அது என்ன சுடுகஞ்சியா?" என்றாள் ஒச்சம்மாள்.

ரோசலின் காதுக்கு விஷயம் போனது. "இங்கயே வரச் சொல்லுங்கம்மா, நான் பாக்குறேன்" என்றாள். அன்றிலிருந்து சுருளிவேல் ஒருநாள் தவறவில்லை. காரணம் புண் இல்லை, ஒரு பிளாஸ்டிக் துண்டு.

குளுக்கோஸ் பாட்டில் சுற்றி வரும் கண்ணாடி போன்ற உறையை ரோசலின் சதுரமாகக் கத்தரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, புண்ணின் மேல் லேசாக வைத்து, விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுப்பாள். பக்கத்தில் தேதி எழுதுவாள். மறுவாரம் அதே துண்டில் அந்த வட்டத்துக்குள்ளே இன்னொரு வட்டம். அதற்கடுத்த வாரம் அதற்குள்ளே ஒன்று. "படிங்கப்பா" என்பாள். சுருளிவேல் தேதிகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பார். படிக்கிற ஆசையில் புண்ணைக் காட்ட வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மேலிருந்து உறைகிணற்றை எட்டிப் பார்த்தது மாதிரி வட்டத்துக்குள் வட்டமாக அது சிறுத்துக்கொண்டே போனது. மாசி கடைசியில் உள்வட்டம் ஒரு சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது.

"இன்னும் மூணு வாரம். சேத்துல மட்டும் கால வைக்காதீங்க. மூடிரும்" என்றாள் ரோசலின். ஒச்சம்மாளுக்கு அந்த மூன்று வாரம் மனதில் தாலிச்சரடு மாதிரி முடிச்சுப் போட்டு நின்றது.

இதற்கு நடுவில்தான் பலகை வந்திருந்தது.

தை மாதம் ஒரு வேனில் வந்து இறக்கிவிட்டுப் போனார்கள். ஆள் நீளத்துக்குத் தகரப் பலகை, மஞ்சள் நிறம், பழுப்பு விளிம்பு. மேலே இந்தியில் ஒரு வரி. கீழே தமிழ் எழுத்தில் ஒரு வரி. சுருளிவேல் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்து படித்தார்: "ஆயுஷ்மான்... ஆரோக்கிய... மந்திர்."

"ஆரோக்கியம் தெரியுது. மந்திர்னா என்னய்யா?"

"மந்திரிக்கிற எடம்னு எழுத வந்தவன், பாதியில பெயிண்டு தீந்து போயிருச்சு போல."

ரோசலின் சிரித்துவிட்டு, இந்தியில் மந்திர் என்றால் கோயில் என்று சொன்னாள். ஊரில் அதற்குள் மந்திரிக்கிற சேதி பரவி, மறுநாளே பேச்சாயி தன் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளை பயந்திருக்கிறதாம், தாயத்து வேண்டுமாம். ரோசலின் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்து மருந்து கொடுத்து அனுப்பினாள்.

அன்று மத்தியானமே மேலதிகாரியிடமிருந்து போன். பலகையை மாட்ட வேண்டாம், உள்ளே வையுங்கள். அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்று சென்னையில் சொல்லிவிட்டார்களாம். அவர்கள் சொன்னதிலும் ஞாயம் இல்லாமல் இல்லை. கட்டடம் இவர்களுடையது, நிலம் இவர்களுடையது, நோயாளியும் இந்த ஊர்க்காரன். ஒரு எழுத்தும் புரியாத பேரை அவன் தலைக்கு மேல் ஏன் மாட்ட வேண்டும்? டெல்லிக்காரர்கள் சொன்னது வேறு. பணம் நாங்கள் கொடுக்கிறோம், பேர் நாங்கள் வைப்போம், பலகையோடு போட்டோ ஏறாத இடத்துக்குப் பணம் ஏறாது. கோயில் மணியில் யார் பேரை வெட்டுவது என்று பங்காளிகள் அடித்துக்கொள்வார்களே, அந்தச் சண்டை. மணி அடிக்கிறவனைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை கிடையாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று பழமொழி சொல்வார்கள். இங்கே சாமியும் பூசாரியுமே பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

பலகை உள்ளறையில் தடுப்பூசிப் பெட்டிக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் ஒச்சம்மாள் அதையும் துடைத்தாள். அவளுக்கு எது சென்னை எழுத்து, எது டெல்லி எழுத்து? எல்லாம் தூசு தட்ட வேண்டிய எழுத்துதான்.

பங்குனி பிறந்தது. மார்ச் கடைசி நெருங்கியது. ஏப்ரல் ஆர்டர் வருமா என்று ரோசலின் தினமும் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் போனை வைத்துவிட்டு வராண்டாப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன சிஸ்டர், மொகம் வாடிக் கெடக்கு?"

"புது ஆர்டர் நிக்குதாம்மா. போர்டு போட்டோ ஏத்தலைன்னு அங்க பணத்த நிறுத்தி வச்சிருக்காங்களாம். போர்டு மாட்டக்கூடாதுன்னு இங்க சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரும் முடிவு பண்ற வரைக்கும் எங்க கதி இப்பிடித்தான்."

"அப்ப ஏப்ரல்ல நீங்க வர மாட்டீகளா?"

"ஆர்டர் வந்தா வருவேன்."

ஒச்சம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "அந்தப் போர்டை மாட்டுனா இருப்பீகளா?"

ரோசலின் களைத்துப்போயிருந்தாள். "மாட்டினா இருப்பேன் போலம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்புக்குச் சொன்னது அது. ஒச்சம்மாள் அதை வாக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஏழு மணிக்கே புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சுருளிவேல் குதிகாலை ஊன்றி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி, ஜன்னல் கம்பியில் கட்டுக்கம்பி கோத்து, துணை சுகாதார நிலையம் என்று எழுதியிருந்த பழைய பலகைக்கு மேலேயே புதுப் பலகையைக் கட்டினாள். ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "எடது பக்கம் தூக்கு. ஆங், இப்பச் சரி" என்றார் அவர். பழைய தமிழ்ப் பலகை முழுசாக மறைந்துவிட்டது. அது தப்பு என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மேல்சட்டை போட்டால் உள்சட்டை மறையத்தானே செய்யும்.

கீழே இறங்கிப் பார்த்தாள். வெறுமனே இருந்தது. நம் பக்கத்தில் புதுசாக எது வந்தாலும் வெறுமனே விடுகிற வழக்கமில்லை. சைக்கிள் வாங்கினாலும் கிரைண்டர் வாங்கினாலும் ஒரு பொட்டு உண்டு. ஒச்சம்மாள் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சந்தனமும் குங்குமமும் ஒரு முழம் மல்லிகையும் எடுத்து வந்தாள். நான்கு மூலையிலும் பொட்டு வைத்தாள். நடுவில் பூவைச் சாத்தினாள். கோயில் என்று நினைத்து வைத்தாளா என்றால் இல்லை. கிரைண்டருக்கு வைத்தது மாதிரிதான் வைத்தாள். சிஸ்டரைத் தங்க வைக்கப்போகிற பலகை என்பதால் ஒரு பொட்டு கூடுதலாக வைத்தாள், அவ்வளவுதான்.

அந்த நேரம் முத்துக்கிருஷ்ணன் பால் ஊற்றிவிட்டுப் பைக்கில் வந்தான். கட்சிக்காரன், கையில் நல்ல போன் உண்டு. ஒச்சம்மாள் மறித்தாள்.

"ஏப்பு, ஒரு போட்டோ பிடி. இத மேல அனுப்பணுமாம்."

"மேலயா? யாரு சொன்னது?"

"மேலதேன். நீ அனுப்பி விடு."

அவன் பலகையைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான், பூவைப் பார்த்தான். இரண்டு போட்டோ எடுத்தான். அனுப்பியும் வைத்தான். ஒச்சம்மாளுக்கு மேலே என்றால் ஆபீஸ். அவனுக்கு மேலே என்றால் ஒன்றியச் செயலாளர். அவள் ஒரு சொல்லைச் சுருக்கமாகச் சொன்னாள். அவன் தனக்குத் தெரிந்த அர்த்தத்தில் அதை நிறைவேற்றினான். பையன் மேல் கோபப்படவும் முடியவில்லை.

ஒன்பது மணிக்கு ரோசலின் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அந்தப் போட்டோ மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டது. ஆஸ்பத்திரியைக் கோயிலாக்கிப் பூசை போடுகிறார்கள், தமிழ்ப் பலகையை மறைத்து இந்திப் பலகை மாட்டிவிட்டார்கள் என்று கீழே எழுதியிருந்தது. அவள் படியேறும்போதே போன் அடித்தது. எதிர்முனையில் இரைகிற இரைச்சல் வராண்டாவில் நின்ற ஒச்சம்மாளுக்கே கேட்டது. உடனே கழற்று, இந்த நிமிஷமே கழற்று. ரோசலின் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஸ்டூலில் ஏறிக் கம்பியை முறுக்கி அவிழ்த்தாள். பூ தரையில் விழுந்தது. பலகையைத் தூக்கும்போது குங்குமம் அவள் வெள்ளைக் கோட்டில் அப்பியது. கையால் தட்டிவிட்டாள்.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் இன்னொரு கட்சிக்காரனும் இருந்தான். அவனிடமும் போன் இருந்தது. ரோசலின் என்ற பெயரைப் போட்டு, பொட்டை அழிக்கிறாள், பூவை மிதிக்கிறாள் என்று அவன் எழுதினான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சுகர் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் அன்று ஒன்றும் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

திங்கட்கிழமை விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். சத்தம் போடாத மனிதர், மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். ஒச்சம்மாள் கூப்பிடாமலே முன்னால் போய் நின்றாள்.

"நாந்தேன் சார் மாட்டுனேன். சிஸ்டருக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தேன் பொட்டும் வச்சேன். எழுதிக்கோங்க, கைநாட்டு வேணா வைக்கிறேன்."

அவர் பேனாவை மூடினார். "உங்க பேரை எழுத முடியாதும்மா. நீங்க பகுதி நேரம், லிஸ்ட்லயே இல்ல. இங்க நடக்கிறதுக்கு நர்ஸ்தான் பொறுப்பு."

"நாஞ் செஞ்ச தப்புக்கு அவுகளா பொறுப்பு?"

"ரூல் அப்படி."

பன்னிரண்டு வருஷமாகச் சாவி வைத்திருந்தவளுக்கு, தான் அந்தக் கட்டடத்தில் யாருமே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தப்பு செய்யக்கூட அவளுக்கு அந்தஸ்து இல்லை. அதை நினைத்து ராத்திரி சோறு இறங்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

மார்ச் முப்பத்தொன்று போனது. ஏப்ரல் நடுவில் ஆர்டர் வந்தது. பலகை மாட்டாமலே வந்தது. டெல்லியும் சென்னையும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது, இந்த வருஷத்துக்கு மட்டும் பணத்தை விடுகிறோம் என்று விட்டுவிட்டார்களாம். சுற்று வட்டாரத்தில் எல்லா நர்ஸுகளுக்கும் வந்தது. ரோசலினுக்கு மட்டும் வரவில்லை. அவள் பேருக்கு நேரே விசாரணை நிலுவையில் என்று இருந்தது. சும்மா இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. பிடித்த கை ஒச்சம்மாளுடையது.

கிளம்புகிற அன்று ரோசலின் அந்தப் பிளாஸ்டிக் துண்டை ஒச்சம்மாளிடம் கொடுத்தாள். "வத்தலக்குண்டுக்குக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்கம்மா. இதையும் காட்டுங்க. அப்பாவத் தண்ணி கட்ட விடாதீங்க."

"சிஸ்டர், என்னைய நாலு வார்த்தை வஞ்சுட்டாவது போங்க."

"வையிறதுக்கு என்னம்மா இருக்கு? நான் வெளையாட்டாச் சொன்னேன். நீங்க நம்புனீங்க." பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை மட்டும் ஒரு நர்ஸ் வந்தார். அவருக்கு நான்கு ஊர். கட்டுத்துணி பெட்டியில் இருந்தவரை கொடுத்தார். தீர்ந்ததும் எழுதிப் போட்டிருக்கிறேன் என்றார். சுருளிவேலை ஒச்சம்மாள் கெஞ்சி ஒருதரம் வத்தலக்குண்டுக்கு அழைத்துப் போனாள். அடுத்த தரம் அவர் வர மறுத்துவிட்டார். தேதி எழுதி வட்டம் போட அங்கே யாருக்கு நேரம்? சுண்டைக்காய் அளவுதானே, இனிமேல் தானாக மூடிவிடும் என்றார். ஒச்சம்மாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். ரோசலின் செய்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். கண்ணால் பார்த்தது கைக்கு வருமா?

வைகாசியில் தக்காளி விலை ஏறியது. அவள் மல்லிகை எடுக்கப் போயிருந்த நேரம் அவர் கட்டுக்கு மேல் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் கட்டப் போனார். ஒருநாள் இல்லை, நான்கு நாள். ஐந்தாவது நாள் குளிர்க்காய்ச்சல். கட்டை அவிழ்த்தபோது மேலே சுண்டைக்காய் அப்படியேதான் இருந்தது. ஒச்சம்மாள் விரலால் லேசாக அழுத்தினாள். உள்ளே இருந்து சீழ் வந்தது, வந்துகொண்டே இருந்தது. கால்விரல் மூன்று கறுத்திருந்தன.

ஆம்புலன்ஸில் திண்டுக்கல் போனார்கள். மலைக்கோட்டை கண்ணாடி வழியே தெரிந்தது, பூட்டுக்கடைகள் தெரிந்தன, பெரிய பெரிய பலகைகள் கடந்துபோயின. சுருளிவேல் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தார். ஒன்றையும் படிக்கவில்லை. "என்ன எழுதியிருக்குய்யா?" என்று ஒரு பலகையைக் காட்டி ஒச்சம்மாள் கேட்டாள். அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயதுக்காரர். பிளாஸ்டிக் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வட்டங்களை விரலால் எண்ணினார், தேதிகளைப் பார்த்தார்.

"யாரும்மா இது பண்ணினது?"

"எங்க ஊரு சிஸ்டரு."

"நல்லாப் பாத்திருக்காங்களே. ஏன் விட்டீங்க? இன்னும் மூணு நாலு வாரத்துல மூடியிருக்கும்."

பலகை என்று ஆரம்பித்தால் அந்த டாக்டருக்கு எங்கேயிருந்து சொல்வது? முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். கையெழுத்துக் கேட்டார். அவள் கைநாட்டு வைத்தாள். இந்தக் கைநாட்டை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை கேட்டார்கள். மூன்றாம் நாள் மயக்கம் தெளிந்து உட்கார்ந்த சுருளிவேல், தலைமாட்டில் கிடந்த அந்த அட்டையை எடுத்துப் படித்தார். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் எதையாவது படித்தது. மாநிலத் திட்டத்தின் பேரும் டெல்லித் திட்டத்தின் பேரும் அதில் சேர்ந்தே இருந்தன.

"இங்க பாரு ஒச்சு. கட்டு மாத்துறதுக்குத்தேன் ரெண்டு பேருக்கும் ஆகல. கால எடுக்கிறதுக்கு ஒத்துமையா வந்துட்டாய்ங்க."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். ஒச்சம்மாளுக்குச் சிரிக்க வரவில்லை.

ரோசலின் விஷயம் கேள்விப்பட்டு வார்டுக்கு வந்தாள். இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போர்வை சப்பையாய்க் கிடந்த இடத்தைப் பார்க்காமல் நின்றாள். ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தேன் சிஸ்டர் கெடுத்தேன். உங்க பொழப்பும் போச்சு, இந்த மனுசன் காலும் போச்சு."

"விசாரணை முடிஞ்சு பேப்பர் வந்துருச்சும்மா" என்றாள் ரோசலின். "யார் மேலயும் தப்பு இல்லைன்னு எழுதியிருக்காங்க. ஆனா அந்த எடத்துக்கு இந்த வருஷம் ஆள் எடுக்கிறதா இல்லையாம்."

யார் மேலும் தப்பு இல்லை. இந்த நாட்டில் இதைப் போலச் சுலபமாக எழுதக்கூடிய வரி வேறு கிடையாது.

கார்த்திகையில் மறுபடி ஒரு வேன் வந்தது. புதுப் பலகை. அதிகாரி இல்லை, மாட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் மட்டும். டிரில் போட்டு, திருகாணி முறுக்கி, பழைய பலகையைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். ஒச்சம்மாளிடம் துடைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள்.

அவள் ஸ்டூலில் ஏறி ஈரத்துணியால் துடைத்தாள். பொட்டு வைக்கவில்லை. சுருளிவேல் கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து எதிரே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"படிய்யா" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா படி."

அவர், பஸ்ஸில் படிக்கிற சத்தத்தில் இல்லாமல், மெதுவாகப் படித்தார். மேலே தமிழ்நாடு அரசு, அதற்குக் கீழே துணை சுகாதார நிலையம், ஊர்ப் பேர். அதற்குக் கீழே அந்தப் பழைய மந்திர் வரி.

"ரெண்டு பேரும் இருக்கா?"

"இருக்கு."

"ஒரே பலகையிலயா?"

"ஒரே பலகையிலதேன்."

ஒச்சம்மாள் ஸ்டூலின் மேல் நின்றபடியே இரண்டு வரிக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தாள். நான்கு விரல் அகலத்துக்கு ஒன்றும் எழுதாமல் சும்மா கிடந்தது. ஸ்டூல் லேசாக ஆடியது. போன தடவை அதைப் பிடித்துக்கொண்டவர் மரத்தடியில் கட்டையை ஊன்றி நின்றார்.

"எடம் இருந்திருக்குல்லய்யா" என்றாள்.